கம்பெனி கைமாறிவிட்டது, நான் இருப்பதா, போவதா?

கேள்வி: நான் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவின் தலைவர். என் பொறுப்பில் 60 பேர் இருக்கிறார்கள். சென்ற வருடம் எங்கள் கம்பெனியின் 51 சதவீதப் பங்குகளை ஒரு வெளிநாட்டு நிறுவனம் வாங்கியது. பழைய முதலாளி சேர்மனாகத் தொடர்கிறார். எம்.டி. மட்டும் அங்கிருந்து வந்திருக்கிறார். மேலிருந்து தினமும் ஒரு புது ரிப்போர்ட் கேட்கிறார்கள். கீழே உள்ளவர்களோ, “சார், நம்ம வேலை நிலைக்குமா?” என்கிறார்கள். எனக்கே தெரியாது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது என் கதைதான். வேறு இடத்திலிருந்து அழைப்பும் வந்திருக்கிறது. என்ன செய்யலாம்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அழைப்பு வந்த இடத்துக்கு உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். அதற்கு முன்னால் ஒரு விஷயத்தை விசாரியுங்கள். அந்த 51 சதவீதத்துக்குக் கொடுத்த பணம் யார் கைக்குப் போனது?

பழைய முதலாளி தன் பங்குகளை விற்றிருந்தால், பணம் அவருக்குப் போயிருக்கும். கம்பெனிக்கு அதில் ஒரு காசு வந்திருக்காது. புதிதாகப் பங்குகள் வெளியிட்டு விற்றிருந்தால், பணம் கம்பெனிக் கணக்குக்கு வந்திருக்கும். அதில்தான் புது இயந்திரம், புதுக் கட்டடம் எல்லாம் வர முடியும். “வெளிநாட்டு முதலீடு வந்துவிட்டது” என்று இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். உங்கள் ஆட்களின் வேலையைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றல்ல. ஆண்டு அறிக்கையில் பங்கு மூலதனம் கூடியிருக்கிறதா என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

அடுத்தது, எதற்காக வாங்கினார்கள் என்பது. உங்கள் சந்தைக்காக வாங்கியிருந்தால் அவர்களுக்கு முக்கியம் விற்பனைப் பிரிவுதான். பொருளை வெளியிலிருந்து இறக்குமதி செய்துகூட விற்பார்கள். குறைந்த செலவில் செய்து ஏற்றுமதி செய்வதற்காக என்றால் உற்பத்திப் பிரிவு வளரும். ஆனால் செலவு ஏறினால் அதே கணக்கைப் போட்டு இன்னொரு நாட்டுக்கும் போவார்கள். உங்கள் ஆட்களின் கைத்திறனுக்காக என்றால் உங்களை எளிதில் விட மாட்டார்கள். மீட்டிங்கில் பேசுவதை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். அடுத்த பட்ஜெட்டில் எந்தப் பிரிவுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

சேர்மன் பதவியையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1998இல் ஜெர்மனியின் டைம்லரும் அமெரிக்காவின் கிரைஸ்லரும், இரண்டும் கார் கம்பெனிகள், சேர்ந்தபோது ‘சமமானவர்களின் இணைப்பு’ என்றுதான் அறிவித்தார்கள். சில ஆண்டுகளிலேயே கிரைஸ்லரின் மூத்த அதிகாரிகள் பலர் வெளியே போய்விட்டார்கள், 2007இல் கிரைஸ்லரின் பெரும்பங்கையே டைம்லர் விற்றும்விட்டது. பெரிய செலவுக்கு யார் கையெழுத்து வேண்டும் என்று பாருங்கள். உண்மையான முதலாளி அவர்தான்.

இனி ரிப்போர்ட்டுகள். இவை வெறும் தொல்லை என்று நீங்கள் நினைப்பதாகத் தெரிகிறது. தாய் நிறுவனம் உங்களைப் பார்க்கும் ஒரே ஜன்னல் அதுதான், அந்த ஜன்னல் சில சமயம் கோணலாகவும் காட்டும். உதாரணத்துக்கு, உங்கள் விற்பனை 12 சதவீதம் கூடியது என்று வைத்துக்கொள்வோம். அதே வருடம் உங்கள் நாட்டு நாணயம் அவர்களுடைய நாணயத்துக்கு எதிராக 15 சதவீதம் விழுந்தால், சென்ற வருடம் 100ஆக இருந்த விற்பனை அவர்கள் புத்தகத்தில் இந்த வருடம் 95ஆகத் தெரியும். ஓவர்டைம் பார்த்து உழைத்தவர்களுக்கு ‘சரிவு’ என்று பெயர். அதனால் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் பண மதிப்போடு எண்ணிக்கையையும் போடுங்கள்: எத்தனை உருப்படி செய்தோம், எத்தனை கழிவானது, ஓர் உருப்படிக்கு எத்தனை மணி நேரம் ஆனது. நாணயம் விழுந்தாலும் இந்த எண்கள் அசையாது.

போனஸ் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். பெரும்பங்கு கைமாறிய பிறகு ராயல்டி (அவர்கள் பெயரையோ தொழில்நுட்பத்தையோ பயன்படுத்தக் கட்டும் தொகை), நிர்வாகக் கட்டணம் என்று தாய் நிறுவனத்துக்குப் பணம் போகத் தொடங்கலாம். அது செலவாகக் கழிக்கப்பட்ட பிறகுதான் லாபம் வரும். உங்கள் ஆட்களின் போனஸ் லாபத்தோடு கட்டப்பட்டிருந்தால், நன்றாக உழைத்த வருடத்திலும் அது குறையலாம். இதை இப்போதே பேசி, உற்பத்தியோடும் தரத்தோடும் இணைக்கச் சொல்லுங்கள். குறைந்த பிறகு கேட்டால் அது சண்டையாகத்தான் முடியும்.

உங்கள் ஆட்களிடம் “வேலைக்கு ஒன்றும் ஆகாது” என்று சொல்லிவிடாதீர்கள். அது உங்கள் கையில் இல்லாத வாக்குறுதி. தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு, பட்ஜெட் முடிவானதும் மறுபடி பேசுகிறேன் என்று சொல்லுங்கள். சொன்னபடி பேசவும் செய்யுங்கள். புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் சரி.

அப்புறம், புது எம்.டி. விஷயம். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸின் கார் தொழிற்சாலை ஒன்று இருந்தது. தொழிலாளர் தகராறுக்கும் மோசமான தரத்துக்கும் பேர்போன அதை 1982இல் மூடினார்கள். 1984இல் டொயோட்டாவோடு கூட்டாக மறுபடி திறந்தபோது, வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்களே. தொழிற்சங்கமும் பழையதே. ஆனால் கோளாறு கண்டவர் யாராக இருந்தாலும் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம் என்று விதி வந்தது. இழுத்தவரைத் திட்டாமல், மேற்பார்வையாளர் ஓடிவந்து உதவினார். அதே ஆட்கள் கையில் தரம் தலைகீழாக மாறியது. உங்கள் இடத்திலும் கெட்ட செய்தியை முதலில் சொல்பவருக்கு என்ன நடக்கிறது என்பதை 60 பேரும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த முதல் ஆள் நீங்களாக இருங்கள். தாமதமாகப் போகும் ஓர் ஆர்டரை, தாமதம் ஆவதற்கு முன்பே எம்.டி.யிடம் எண்களோடு சொல்லுங்கள். கூடவே ஒரு வழியையும் சொல்லுங்கள். நம்மைச் சுற்றி ஆமாம் சாமிகள் நிறைய. வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு அது புரியவே ஒரு வருடம் ஆகும்.

எம்.டி. அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். காரணம் கேட்டு உட்கார்ந்து பேசினால், பட்ஜெட்டும் உங்கள் பிரிவுக்குச் சாதகமாக இருந்தால், இருங்கள். பெரிய நிறுவனத்தின் வேலைமுறையைச் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்கலாம். சொன்னவர் மேலேயே பாய்ந்தால், அல்லது இரண்டு பட்ஜெட் தாண்டியும் உங்கள் பிரிவுக்கு ஒரு புது இயந்திரம்கூட வரவில்லை என்றால், வந்த அழைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை அந்தக் கம்பெனிக்காரர்களிடம் கொஞ்சம் அவகாசம் கேட்டு வையுங்கள். கிளம்புவதாக இருந்தால், உங்களுக்கு அடுத்த இடத்தில் இருப்பவருக்கு இப்போதிலிருந்தே எம்.டி.யின் மீட்டிங்குகளில் ஓர் இடம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.