சமையலறைக் கேள்விகள்: ஜன்னல், சிலிண்டர், பிளக் பாயிண்ட்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அளவே இல்லை. "கிச்சன் ரொம்பச் சின்னது, என்ன பண்ணலாம்?" என்று ஒரே வரி. அவற்றை ஒதுக்கிவிட்டேன். நீளம், அகலம், கதவு, ஜன்னல், வைக்கப்போகும் சாமான் பட்டியல் எல்லாம் எழுதி மறுபடி அனுப்புங்கள்.

8க்கு 10 அடி கிச்சன். எல் வடிவமா, யூ வடிவமா? (திருச்சி)

கதவும் ஜன்னலும் எந்தச் சுவரில் என்று நீங்களும் எழுதவில்லை. 8 அடி அகலத்தில் இரண்டு பக்கமும் 2 அடி மேடை போனால் நடுவில் 4 அடி, ஒருவர் டிராயரை இழுத்துக் குனிந்திருந்தாலும் இன்னொருவர் பின்னால் போகலாம், அதனால் யூ போடலாம். ஆனால் அந்த 8 அடி பூச்சுக்கு முன்பா பின்பா? பூச்சும் டைல்ஸும் சேர்ந்து இரண்டு மூன்று அங்குலம் தின்றுவிடும். 7 அடிதான் என்றால் யோசிக்க வேண்டாம், எல். எதுவானாலும் முதலில் ஃப்ரிட்ஜுக்கு இடம் ஒதுக்கி, அதன் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று பார்த்துவிட்டு, மிச்சத்தில் மேடை போடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு ஃப்ரிட்ஜை ஹாலில் வைத்திருக்கிறார்கள்.

அடுப்பை ஒட்டி ஃப்ரிட்ஜ் வைக்கலாமா? (நாகர்கோவில்)

கூடாது. நடுவில் 2 அடி மேடையாவது இருக்கட்டும்.

மிக்ஸி, கிரைண்டர், ஓவன், இண்டக்ஷன், வாட்டர் ஃபில்டர் இருக்கிறது. இரண்டு பிளக் பாயிண்ட் போதும் என்கிறார் எலெக்ட்ரீஷியன். (சேலம்)

அவர் வீட்டுச் சமையலை யார் செய்கிறார்கள் என்று கேளுங்கள். நீங்களே ஐந்து சாமான் எழுதியிருக்கிறீர்கள், ஃப்ரிட்ஜையும் சிம்னியையும் விட்டுவிட்டீர்கள். மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் ஃபில்டருக்கும் 6 ஆம்ப் போதும். 2000 வாட் இண்டக்ஷன் 9 ஆம்ப் அளவுக்கு இழுக்கும், ஓவனும் கிட்டத்தட்ட அப்படித்தான். இவை இரண்டுக்கும் தனித்தனி 16 ஆம்ப் பாயிண்ட், 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத ஒயர். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இண்டக்ஷனைச் செருகி, அது கருகின பிறகு எனக்குப் படம் அனுப்பாதீர்கள். பாயிண்ட் எல்லாம் மேடைக்கு மேல் ஒரு அடி உயரத்தில், சிங்க்கிலிருந்து தள்ளி வரட்டும். இதையெல்லாம் பூச்சு வேலைக்கு முன்பே சுவரில் சாக்பீஸால் குறித்துவிடுங்கள்.

சிம்னி வாங்கியாச்சு. இனி ஜன்னல் எதற்கு? அதை அடைத்துவிட்டால் அங்கே மேல் கப்போர்டு வரும் என்கிறார் இன்டீரியர்காரர். (சென்னை)

மாதம் ஒருமுறையாவது இதே கேள்வி வந்துவிடுகிறது. எப்படிச் சொன்னால் உறைக்கும் என்றுதான் தெரியவில்லை.

சிம்னி காற்றை உண்டாக்குவதில்லை, உள்ளே இருப்பதை வெளியே தள்ளுகிறது. தள்ளின அளவுக்குக் காற்று எங்கிருந்தோ உள்ளே வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் சத்தம் மட்டும்தான் மிஞ்சும். நீங்கள் வாங்கியது குழாய் இல்லாத வகையென்றால் இன்னும் மோசம், எண்ணெய்ப் பிசுக்கைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு அதே சூட்டையும் ஆவியையும் உங்கள் முகத்திலேயே திருப்பி விடும். கரண்ட் போனால் எந்த வகையும் ஓடாது. பகல் வெளிச்சமும் போய், காலை பதினோரு மணிக்கே லைட்டைப் போட்டுக்கொண்டு வெண்டைக்காய் நறுக்க வேண்டியதுதான். தேசியக் கட்டட விதித்தொகுப்பே சமையலறைக்குக் குறைந்தது 1 சதுர மீட்டர், அதாவது சுமார் 11 சதுர அடி ஜன்னல் வேண்டும், அதுவும் திறந்தவெளியைப் பார்த்து இருக்க வேண்டும், குழாய் இறங்கும் சந்துக்குள் திறக்கக் கூடாது என்கிறது. இத்தனையையும் விட்டுக்கொடுத்து உங்களுக்குக் கிடைப்பது என்ன? ஸ்டூல் போட்டால்தான் எட்டுகிற இரண்டு கப்போர்டு, அதில் கல்யாணத்துக்கு வந்த டின்னர் செட்.

செய்ய வேண்டியது இது: ஜன்னல் சுவரில் சிங்க்கை வையுங்கள், அடுப்பையும் சிம்னியையும் பக்கத்துச் சுவருக்குக் கொண்டுபோங்கள். ஜன்னலுக்கு நேராக அடுப்பு வைத்தால் காற்றில் தீ அலையும், தாளிப்பெல்லாம் கிரில்லில் ஒட்டும். ஜன்னல் தரையிலிருந்து 42 அங்குலத்தில் தொடங்கினால் குழாய்க்கும் இடம் இருக்கும். கதவு உள்பக்கம் திறந்தால் குழாயில் இடிக்கும், ஸ்லைடிங் போடுங்கள். பாத்திரங்களுக்குக் கீழே டிராயர், எதிர்ச் சுவரில் தரையிலிருந்து மேல்வரை ஒரு அலமாரி போதும்.

சிலிண்டரை மேடைக்குக் கீழே கதவு போட்டு மறைக்கலாமா? (கோவை)

முடிந்தால் சர்வீஸ் ஏரியாவில் வைத்து செம்புக் குழாய் இழுங்கள், அதற்கான ஓட்டையும் பூச்சுக்கு முன்பே. உள்ளேதான் என்றால் கதவின் அடிப்பக்கத்தில் கட்டாயம் காற்றுத் துளை வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும், மேலே இருக்கும் சிம்னிக்கு அது எட்டாது. 14.2 கிலோ சிலிண்டர் சுமார் 13 அங்குலக் குறுக்கு, 25 அங்குல உயரம், ரெகுலேட்டருக்கு மேலே இன்னும் நாலு. அதனால் அந்தக் கட்டத்துக்கு மட்டும் அடிப்பலகை வேண்டாம், நேராகத் தரையில் நிற்கட்டும். சிலிண்டரைப் படுக்க வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடாது! டியூபை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

மேடை எவ்வளவு உயரம்? என் உயரம் 5 அடி. (மதுரை)

மேடைமேல் வைக்கும் அடுப்பா, கல்லில் பதிக்கும் ஹாப்பா? அதை எழுதவில்லையே. அடுப்பு என்றால் அதுவே நாலைந்து அங்குலம் ஏறிவிடும், உங்களுக்கு அந்தப் பகுதி 30 போதும். ஹாப் என்றால் 32. கிரைண்டரைத் தூக்கித் தூக்கி வைப்பதாக இருந்தால் உங்கள் முதுகுக்கு நான் பொறுப்பில்லை, ஓரமாக 20 அங்குலத்தில் தனியாக ஒரு கல் போட்டு, அதன் பக்கத்திலேயே பாயிண்ட் வையுங்கள்.

சிங்க்குக்குக் கீழே எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) போடலாமா? விலை குறைவு. (வேலூர்)

வேண்டாம், ஈரம் பட்டால் உப்பிவிடும். ஈரம் தாங்கும் வகைக்கான ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட் போடுங்கள், இல்லையென்றால் பழைய மாதிரி கடப்பா கல் நிறுத்தி, கதவை மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள்.