துல்சா: ஆறிய புண்ணா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் துல்சா நகரில் 1921இல் வெள்ளையர் கும்பலால் கறுப்பின மக்கள் கொல்லப்பட்டதைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். ஊரே மறந்துவிட்டதை அவ்வூர் எழுத்தாளர்களே நூறாண்டு கழித்துக் கிளறுவதால் ஆறிய புண் மீண்டும் புண்ணாகாதா? உள்ளூர்க்காரர் எழுதும் வரலாற்றில் சார்பு இராதா?

வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

தானாக மறந்த ஊர் தாளைக் கிழிக்காது. வன்முறையைத் தூண்டியதாகச் சொல்லப்படும் செய்தி 1921 மே 31 அன்று துல்சா டிரிப்யூன் நாளிதழின் முதல் பக்கத்தில் வந்தது. பழைய இதழ்களைப் பிற்காலத்தில் நுண்படச் சுருளில் பதிவு செய்வதற்கு முன்பே யாரோ அதைக் கிழித்தெடுத்திருந்தார்கள். அன்றிரவும் மறுநாளும் கறுப்பின மக்கள் வாழ்ந்த கிரீன்வுட் பகுதியில் ஏறத்தாழ 35 தெருத்தொகுதிகள் எரிக்கப்பட்டன. இறந்தோர் அரசுக் கணக்கில் 36 பேர். பிற்கால மதிப்பீடுகள் 300 வரை போகின்றன. நிகழ்ந்ததை விசாரித்த நீதிமன்ற நடுவர் குழு (கிராண்ட் ஜூரி) பழியைக் கறுப்பின மக்கள் மீதே சுமத்தியது. கலவரச் சேதத்துக்கு இழப்பீடு கிடையாது என்ற விதியைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனங்களும் கைவிரித்தன.

சார்பு பற்றிக் கேட்கிறீர்கள். கிரீன்வுட்டில் தட்டச்சு கற்பித்துவந்த மேரி பாரிஷ் அன்றிரவு புத்தகம் படித்துக்கொண்டிருக்கையில், துப்பாக்கிகளோடு ஆட்கள் போவதை ஜன்னல் வழியே கண்டு சொன்னவள் அவருடைய சிறுமகள். குண்டுகளுக்கிடையே குழந்தையோடு ஓடித் தப்பிய அவர், பிறகு ஊர் திரும்பி, உயிர் பிழைத்தவர்களின் வாக்குமூலங்களையும், இன்னார் இந்த முகவரியில் இவ்வளவு இழந்தார் என்ற பட்டியலையும் தொகுத்து நூலாக்கினார். அவருக்குச் சார்பு இல்லாமல் எப்படி இருக்கும்? ஆனால் 1997இல் ஓக்லஹோமா மாநிலம் ஆணையம் அமைத்து ஆராய்ந்தபோது சான்றாக நின்றவற்றுள் அந்த நூலும் ஒன்று. நடுநிலை பேசியவர்களின் அலமாரியில் அப்படியொன்று இருக்கவில்லை.

புண் ஆறியதா என்பதை அதைப் பட்டவர்களிடம்தான் கேட்க வேண்டும். கொல்லப்பட்டவர்களைத் தேடித் துல்சாவின் ஓக்லான் இடுகாட்டில் தோண்டியெடுத்த எலும்புக்கூடுகளுள் ஒன்று, முதல் உலகப்போரில் படையில் இருந்த சி. எல். டேனியலுடையது என 2024 ஜூலையில் அறிவித்தார்கள். மரபணுச் சோதனையோடு துணைநின்றது, அவருடைய தாய்க்காக ஒரு வழக்கறிஞர் 1936இல் அரசுக்கு எழுதிய கடிதம். மகன் துல்சாவில் கொல்லப்பட்டதை அது அப்போதே சொல்லியிருந்தது.

நினைவுச்சின்னம் எழுப்பியதோடு கடன் தீர்ந்தது என்று கருதும் போக்கின் மீது எனக்கும் ஐயம் உண்டு. டேனியலின் பெயர் வெளிவருவதற்கு முந்தைய மாதந்தான், அன்று உயிர் பிழைத்தவர்களுள் அப்போது எஞ்சியிருந்த, நூறு வயதைக் கடந்த கடைசி இரு பெண்களின் இழப்பீட்டு வழக்கை மாநில உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்திருந்தது.