அந்த ஒரு யார்டு

வணக்கம் சார்,

ராவுண்ட் ராக்கில் இருக்கிறேன். 2025 ஆகஸ்ட் 11 அன்று கல்லூரி அமெரிக்கக் கால்பந்துக்கான ஏபி தரவரிசை (பத்திரிகையாளர்கள் வாக்களிப்பது) வந்ததிலிருந்து ஆஸ்டின் முழுக்கத் தலைகால் புரியாமல் இருக்கிறது. சீசன் தொடங்கும் முன்பே ஊர்ப் பல்கலைக்கழக அணியான டெக்ஸஸ் லாங்ஹார்ன்ஸ் முதலிடத்தில் வருவது இதுதான் முதல் தடவையாம். அலுவலகத்தில் புது குவாட்டர்பேக் (பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவர்) ஆர்ச் மேனிங் பெயரைத் தவிர வேறு பேச்சில்லை. எனக்கும் ஆசைதான். ஆனால் ஜனவரியில் ஒஹையோ ஸ்டேட்டிடம் தோற்ற கடைசி நிமிடங்கள் மனசை விட்டுப் போகவில்லை. எல்லைக்கோட்டுக்கு ஒரு யார்டு (மூன்றடி) தூரத்தில் நின்றுகொண்டு, பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் டச்டவுன் எடுக்க முடியாத ஆஃபென்ஸ் (தாக்கும் பக்கம்), குவாட்டர்பேக்கை மாற்றினால் மட்டும் சரியாகிவிடுமா? குவாட்டர்பேக்குக்கு முன்னால் நின்று தடுக்கும் ஐவர் லைனில் நான்கு பேர் போய்விட்டார்கள். பாஸைப் பிடிக்கும் நல்ல ரிசீவர்களும் போய்விட்டார்கள். 30-ஆம் தேதி மறுபடியும் அதே ஒஹையோ ஸ்டேட், அதுவும் அவர்கள் ஊரில். நம்பலாமா, பயப்படலாமா? ஆட்டத்தில் எதைக் கவனிப்பது?

முரளி

அன்புள்ள முரளி,

நம்புவதற்கும் காரணம் இருக்கிறது, பயப்படுவதற்கும் இருக்கிறது. நம்பிக்கை மொத்தமும் மேனிங் மேல் இருக்கிறது. பயப்பட வேண்டிய இடம் அவருக்கு முன்னால் குனிந்து நிற்கும் ஐந்து பேர். ஊர் முழுக்க முதல் ஆளைப் பற்றிப் பேசுவதால் நான் அந்த ஐந்து பேரைப் பற்றியே அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில் அந்த ஒரு யார்டு. 2025 ஜனவரி 10, ஆர்லிங்டனில் நடந்த காட்டன் பௌல், தேசியப் பட்டத்துக்கான அரையிறுதி. நான்காவது கால்பகுதி, 21–14 என்று பின்தங்கிய நிலை. எல்லைக்கோட்டுக்கு ஒரு யார்டு தூரத்தில் பந்து, கையில் நான்கு முயற்சிகள். முதல் முயற்சியில் ஓட்டக்காரர் ஜெரிக் கிப்சன் நடுவில் மோதினார், பந்து நகரவில்லை. இரண்டாவதில் வெளிப்பக்கம் டாஸ் (ஓரமாக ஓடுபவரிடம் பந்தைத் தூக்கிப் போடுவது), குவின்ட்ரெவியன் விஸ்னரிடம். ஏழு யார்டு பின்னால் சாய்த்துவிட்டார்கள். மூன்றாவதில் பாஸ், யாரும் பிடிக்கவில்லை. நான்காவதில் ஒஹையோ ஸ்டேட்டின் ஜாக் சாயர் உள்ளே புகுந்து நம் அப்போதைய குவாட்டர்பேக் குவின் யூவர்ஸின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டு, அதைத் தானே எடுத்துக்கொண்டு 83 யார்டு ஓடினார். 28–14. சீசன் அங்கே முடிந்தது.

அந்த டாஸுக்காகப் பயிற்சியாளர் ஸ்டீவ் சார்கிஸியனைத் திட்டாத ஆள் இல்லை. டாஸ் ஏன் அந்த இடத்தில் ஆபத்து என்று பார்த்தால் மற்றதும் புரியும். மைதானத்தின் நடுவில் டாஸ் போடும்போது டிஃபென்ஸின் (பந்து கையில் இல்லாத பக்கத்தின்) பின்வரிசை ஆட்கள் பத்துப் பதினைந்து யார்டு தள்ளி நிற்பார்கள், நீளமான பாஸுக்குப் பயந்து. ஒரு யார்டு கோட்டில் அந்தப் பயமே கிடையாது. எல்லைக்கோட்டுக்குப் பின்னால் இருப்பது பத்து யார்டு எண்ட் ஸோன், அவ்வளவுதான். அதனால் பதினொரு பேரும் முன்னால் வந்து நெருக்கி நிற்பார்கள். டாஸில் பந்தை வாங்குபவர் ஐந்தாறு யார்டு பின்னால் வாங்கி, முன்னோக்கி ஓடாமல் பக்கவாட்டில் ஓடத் தொடங்குகிறார். ஓரத்தில் தடுப்பவர்களில் ஒருவர் அரை விநாடி தவறினால் போதும். நடுவில் மோதித் தோற்றால் இழப்பு பூஜ்யம். டாஸில் தோற்றால் ஏழு. எட்டு யார்டு தள்ளிப் போன பிறகு ஓட்டம் வராது என்று எதிரணிக்குத் தெரியும், குவாட்டர்பேக்கை நோக்கிக் கண்ணை மூடிக்கொண்டு பாயலாம். சாயர் அடித்த அடிக்கு விதை போட்டது அந்த இரண்டாவது முயற்சிதான்.

ஆனால் சார்கிஸியன் ஏன் டாஸுக்குப் போனார்? முதல் முயற்சியில் நடுவில் ஓர் அங்குலம்கூட நகர்த்த முடியவில்லை என்பதை அவர் கண்ணால் பார்த்தார். அவர் மேல் குறை சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனால் மூலக் குறை லைனில் இருந்தது. இத்தனைக்கும் அது நல்ல லைன் (நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள்). இடது டேக்கிள் கெல்வின் பேங்க்ஸை ஏப்ரலில் நடந்த என்எஃப்எல் (தொழில்முறை லீக்) வீரர் தேர்வில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் ஒன்பதாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. ஹேடன் கானரும் கேமரன் வில்லியம்ஸும் ஆறாவது சுற்றில் போனார்கள். சென்டர் ஜேக் மேஜர்ஸ் ஐம்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்களைத் தொடங்கியவர். இவர்கள் இருந்தே முடியாத ஒரு யார்டை, இவர்கள் போன பிறகு யார் எடுப்பது? உங்கள் கேள்வியின் அடியில் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

பதிலில் ஒரு பகுதி மேனிங்கின் கால்களில் இருக்கிறது. இதைக் கணக்காகச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் பதினொரு பேர். குவாட்டர்பேக் பந்தை ஓட்டக்காரரிடம் கொடுத்துவிட்டால் அவர் யாரையும் தடுப்பதில்லை. பந்தோடு ஓடுபவரைக் கழித்தால் தடுக்க ஒன்பது பேர், எதிரில் பதினொரு பேர். குவாட்டர்பேக் தானே ஓடினால், ஓட்டக்காரரும் தடுப்பவராக மாறி முன்னால் போகிறார். இப்போது பத்துப் பேர். ஒரு யார்டு கோட்டில் இந்த ஒரு ஆள் பெரிய விஷயம். யூவர்ஸ் ஓடக்கூடியவர் இல்லை. போதாததற்கு சென்ற சீசன் முழுக்க வயிற்றுத் தசையிலும் கணுக்காலிலும் காயம். எதிரணி அவரைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. மேனிங்கை அப்படி விட முடியாது. டெக்ஸஸ் ஏ அண்ட் எம்-க்கு எதிராக உள்ளே வந்து 15 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். யுடிஎஸ்ஏ-வுக்கு (டெக்ஸஸ் சான் அன்டோனியோ பல்கலைக்கழகம்) எதிராக 67 யார்டு ஓடினார்.

ஆனாலும் இதை மந்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குவாட்டர்பேக் ஸ்னீக் என்று சொல்லும் அந்த நேரடித் தள்ளலில் கூட, சென்டரும் இரண்டு கார்டுகளும் எதிராளியின் தோளுக்குக் கீழே போய் முதல் அடியிலேயே பின்னால் தள்ள வேண்டும். அவர்கள் நிமிர்ந்துவிட்டால் மேனிங்கின் ஆறு அடி நாலு அங்குலம் பாரமாகத்தான் இருக்கும், உயரமான ஆளைத் தாங்கி நிறுத்துவது சுலபம். போகட்டும், அவரை வாரம் பத்துத் தடவை ஓடவிட்டால் உடம்பு தாங்குமா என்பது இன்னொரு கவலை. மாற்று ஆட்களான ட்ரே ஓவன்ஸ், மேத்யூ கால்ட்வெல் இருவரையும் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் முதலிடக் கனவு அவர்களை நம்பிக் கட்டியதல்ல.

மேனிங்கின் கை பற்றி. சென்ற ஆண்டு 90 பாஸ், 61 பிடிபட்டது, 939 யார்டு, 9 டச்டவுன், 2 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்). யுடிஎஸ்ஏ-வுக்கு எதிராக 12-க்கு 9, அதில் நான்கு டச்டவுன். மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு எதிராக 31-க்கு 26. பார்த்தால் வாயூறத்தான் செய்யும். ஆனால் இரண்டே ஆட்டங்கள்தான் தொடக்கத்திலிருந்து ஆடியிருக்கிறார், இரண்டும் ஆஸ்டினில், இரண்டுமே பலவீனமான எதிரணிகள். அந்த இரண்டு இன்டர்செப்ஷனும் லூயிசியானா மன்ரோவுக்கு எதிராக வந்தவை. ஜார்ஜியா அக்டோபரில் ஆஸ்டினுக்கு வந்து ஏழு தடவை குவாட்டர்பேக்கைச் சாய்த்த இரவு, சிறிது நேரம் உள்ளே வந்த மேனிங்கும் அடிபட்டார், பந்தையும் பறிகொடுத்தார். நீளமான பாஸ் திறக்கும் வரை பந்தைக் கையில் வைத்திருக்கும் பழக்கம் அவருக்கு இருக்கிறது என்பது என் கணிப்பு. சுமாரான எதிரணிக்கு முன்னால் மூன்றரை விநாடி கிடைக்கும். நல்ல எதிரணியிடம் இரண்டரைதான். அந்த ஒரு விநாடியைக் குறைத்துக்கொள்வதுதான் அவருடைய இந்த வருஷப் பாடம்.

இப்போது லைன். முழு சீசன் ஆடிய அனுபவத்தோடு தன் இடத்துக்கே திரும்புகிறவர் வலது கார்டு டிஜே கேம்பல் ஒருவர்தான். இடது டேக்கிளில் ட்ரெவர் கூஸ்பி. பேங்க்ஸுக்குக் காயம் ஏற்பட்டபோது எஸ்இசி (டெக்ஸஸ் ஆடும் லீக்) இறுதியில் ஜார்ஜியாவுக்கு எதிராகத் தொடங்கியவர், ஆடிக் காட்டியவர். அந்த இடத்தைப் பற்றி எனக்குத் தூக்கம் கெடவில்லை. வலது டேக்கிள் பிராண்டன் பேக்கருக்குத் திறமை உண்டு, ஆட்டம் குறைவு. எனக்கு உண்மையான கவலை சென்டர். கோல் ஹட்சன் 2022-இல் வலது கார்டாகத் தொடங்கிய அனுபவசாலி. ஆனால் சென்டர் வேலை வேறு. கானர் ராபர்ட்சனும் போட்டியில் இருக்கிறார்.

சென்டர் என்ன செய்கிறார் என்பதை அருகில் போய்ப் பாருங்கள். பந்தின் மேல் கையை வைத்துக் குனிந்ததும், எதிரே நிற்கும் லைன்பேக்கர்களில் (டிஃபென்ஸின் இரண்டாம் வரிசையினர்) ஒருவரை விரலால் காட்டிக் கத்துவார். அவர்தான் 'மைக்'. அவரிலிருந்து இரண்டு பக்கமும் எண்ணித்தான் மற்ற நான்கு பேரும் தன் ஆள் யார் என்று முடிவு செய்கிறார்கள். ஐந்து பேர் பாய்ந்தால் ஐந்து பேர் தடுப்பார்கள். ஆறாவது ஆள் வந்தால் அவர் ஓட்டக்காரரின் பொறுப்பு. சென்டர் தப்பான ஆளைக் காட்டினால் ஒரு பக்கம் இரண்டு பேர் ஒருவரைத் தடுத்துக்கொண்டு நிற்க, இன்னொரு பக்கம் ஒருவன் தொடுவாரே இல்லாமல் உள்ளே வருவான். வீட்டில் டிவியில் பார்ப்பவர்களுக்கு அது டேக்கிளின் தப்பாகத் தெரியும். பாதி நேரம் அது ஸ்நாப்புக்கு (சென்டர் பந்தைப் பின்னால் விடுவதற்கு) முன்பே நடந்துவிட்ட தப்பு.

ஒஹையோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸில் இதற்கு மேல் சத்தம் வேறு. ஒஹையோ ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம். குவாட்டர்பேக் கத்துவது பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. அதனால் சைலண்ட் கவுண்ட். மேனிங் தயார் என்று காலைத் தூக்கிக் காட்டுவார். கார்டு இரண்டு கால்களுக்கு நடுவே திரும்பி அதைப் பார்த்துவிட்டு சென்டரைத் தட்டுவார். சென்டர் தலையை நிமிர்த்தி, மனசுக்குள் ஒன்று எண்ணி, பந்தைப் பின்னால் விடுவார். சிக்கல் என்னவென்றால், நாலைந்து தடவை இதே தாளத்தில் செய்தால் எதிராளியும் அந்தத் தலை நிமிர்வைப் பார்த்தே பாயக் கற்றுக்கொள்வான். நல்ல அணிகள் ஒரு தடவை ஒன்று, ஒரு தடவை இரண்டு என்று எண்ணிக்கையை மாற்றும். மாற்றினால் தன் பக்கத்து டேக்கிளே மறந்து முன்கூட்டி அசைந்து ஐந்து யார்டு அபராதம் வாங்கும் அபாயம். பழகிய சென்டரோடு இது தண்ணீர் பட்ட பாடு. புதியவரோடு முதல் ஆட்டத்திலேயே, அதுவும் வெளியூரில் செய்வது கடினம்.

ரிசீவர்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் பெரிய பயம் அங்கே இல்லை. 40 யார்டை 4.29 விநாடியில் ஓடிய மேத்யூ கோல்டன் முதல் சுற்றில் கிரீன் பே அணிக்குப் போனது இழப்புதான். ரயன் விங்கோவுக்கு அந்த வேகம் உண்டு, டியான்ட்ரே மூருக்கு நம்பகமான கை உண்டு. 60 கேட்ச் பிடித்த டைட் எண்ட் (தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவர்) கன்னர் ஹெல்ம் இடத்தைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். யூவர்ஸுக்கு எதுவும் கிடைக்காதபோது நடுவில் எட்டு யார்டு தள்ளி நின்றவர் அவர். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஜாக் எண்ட்ரீஸ் அங்கே சென்ற ஆண்டு 56 கேட்ச் பிடித்தவர். பந்தைச் சீக்கிரம் விடக் கற்றுக்கொள்ளும் குவாட்டர்பேக்குக்கு இந்த மாதிரி ஆள் தேவை. ஓட்டத்தில் 1,064 யார்டு எடுத்த விஸ்னர் இருக்கிறார், முழங்கால் காயத்தால் 2024 முழுக்க உட்கார்ந்த சிஜே பேக்ஸ்டர் திரும்புகிறார். அவர் கட்டுமஸ்தான ஓட்டக்காரர், அந்த ஒரு யார்டுக்கு ஏற்றவர்.

எதிர்ப்பக்கமும் மாறியிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ஜனவரியில் நம்மைத் தடுத்த முன்வரிசை நான்கு பேரும் என்எஃப்எல் போய்விட்டார்கள், சாயர் உட்பட. டிஃபென்ஸை நடத்திய ஜிம் நோல்ஸ் பென் ஸ்டேட்டுக்குப் போக, மேட் பட்ரிஷியா வந்திருக்கிறார். அவர் என்எஃப்எல்-லிலிருந்து வருவதால் கல்லூரி ஆட்டத்தில் அவர் எப்படி ஆடவிடுவார் என்று படித்துப் பார்க்க வீடியோவே கிடையாது. ஸ்நாப்புக்கு முன் ஒன்றைக் காட்டி, பின் வேறொன்றை ஆடுவது அவர் பாணி. கேலப் டவுன்ஸ் போன்ற சேஃப்டி (கடைசி வரிசைக் காவலர்) கையில் இருந்தால் அதைச் செய்வது இன்னும் எளிது. புது சென்டருக்கும் புது குவாட்டர்பேக்குக்கும் இதைவிடக் கடினமான முதல் பரீட்சை அமையாது.

அதனால் 30-ஆம் தேதி தோற்றாலும் துவளாதீர்கள். அதற்கடுத்த மூன்று வாரம் ஜெயித்தாலும் குதிக்காதீர்கள். சான் ஹோசே ஸ்டேட், யுடெப், சாம் ஹூஸ்டன் மூன்றும் நம் லைனைச் சோதிக்கும் அணிகள் அல்ல. அங்கே மூன்றரை விநாடி தாராளமாகக் கிடைக்கும், பழைய பழக்கம் ஒளிந்துகொள்ளும். அக்டோபர் 4 அன்று ஃப்ளோரிடாவில் அது வெளியே வரும். அடுத்த வாரம் டல்லாஸில் ஓக்லஹோமா. இந்த ஆஃபென்ஸ் எப்படிப்பட்டது என்று அந்த இரண்டு வாரத்துக்குப் பிறகு எனக்கு எழுதுங்கள். நவம்பர் 15 ஜார்ஜியா அதற்கும் மேல்.

என்ன கவனிப்பது என்று கேட்டீர்கள். உங்கள் நேரம் காலை 11 மணிக்கு ஆட்டம். முதல் அரைமணி நேரம் பந்தைப் பார்க்காமல் சென்டரைப் பாருங்கள். விரலைக் காட்டிய பிறகு இன்னொரு தடவை திரும்பி மாற்றிக் காட்டுகிறாரா, அதை மேனிங் ஒப்புக்கொள்கிறாரா என்று பாருங்கள். மாற்றிக் காட்டுவது நல்ல அறிகுறி, இருவரும் ஒரே படத்தைப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு தாளில் மூன்றாவது முயற்சிகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், எடுக்க வேண்டிய பத்து யார்டில் எத்தனை யார்டு மிச்சம் என்று. மூன்று, நான்கு என்றே வந்துகொண்டிருந்தால் ஸ்கோர் என்னவாக இருந்தாலும் லைன் வேலை செய்கிறது. ஒன்பது, பத்து, பன்னிரண்டு என்று வந்தால் மேனிங் எத்தனை அழகாகப் போட்டாலும் அது நிலைக்காது. எல்லைக்கோட்டுக்கு ஐந்து யார்டுக்குள் வந்தால் சார்கிஸியன் முதலில் எதைக் கேட்கிறார் என்றும் குறியுங்கள். நடுவில் மோதுகிறாரா, மேனிங்கை ஓடவிடுகிறாரா, மறுபடியும் ஓரத்துக்குப் போகிறாரா?

அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்