ஊராட்சி கையில் என்ன இருக்கிறது? கேள்விகளும் பதில்களும்

ஊரக வளர்ச்சித் துறையில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஊராட்சிக் கணக்கு, கிராம சபை, மின்செலவு, கண்மாய் மரங்கள் பற்றிக் கேளுங்கள். மற்றதை அந்தந்தத் துறைக்காரர்களிடம் விட்டுவிடுவோம்.

ஓடந்துறை மாதிரி எங்கள் ஊராட்சியும் காற்றாலை வாங்கலாமா சார்?

ஆசை நல்லது. ஆனால் அந்தக் கதையின் பின்பாதியை மட்டும்தான் எல்லோரும் சொல்கிறார்கள். மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறையில் 1996 முதல் 2006 வரை சண்முகம் தலைவராக இருந்தார். தெருவிளக்கும் குடிநீரும் பெருகப் பெருக மின்கட்டணம் ஊராட்சியின் கழுத்தை நெரித்தது. உடனே காற்றாலைக்கு ஓடவில்லை. 2003இல் தண்ணீர் இறைக்க விறகிலிருந்து எடுக்கும் வாயுவில் ஓடும் 9 கிலோவாட் இயந்திரம் ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். 2006இல்தான் 350 கிலோவாட் காற்றாலை வந்தது. விலை 1.55 கோடி ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் கையிருப்பு, 1.15 கோடி வங்கிக் கடன். காற்றாலை அமைந்த இடமும் ஊருக்குள் அல்ல. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிடைக்கும் உடுமலைப் பக்கம், மைவாடியில் நட்டார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 6.75 லட்சம் யூனிட் கிடைத்தது, ஊருக்குத் தேவைப்பட்டது 4.5 லட்சம். மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள்.

எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது அந்த 40 லட்சம். வரியை ஒழுங்காக வசூலித்து, செலவைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கும் ஊராட்சியை நம்பித்தான் வங்கி கடன் கொடுக்கும். உங்கள் ஊராட்சியின் பன்னிரண்டு மாத மின்கட்டணத்தை இணைப்பு வாரியாக எடுத்து வையுங்கள். நான் பார்த்த பெரும்பாலான ஊர்களில் பணத்தைத் தின்றது குடிநீர் மோட்டார். தேய்ந்த மோட்டார், ஒழுகும் பைப், டேங்க் நிரம்பி வழிந்த பிறகும் ஓடும் பம்ப். இவற்றைச் சரிசெய்யக் கடன் வேண்டாம். மிச்சமாகும் பணத்தை மூன்று ஆண்டு சேர்த்துவிட்டு வாருங்கள், பகலில் சூரிய ஒளியில் டேங்க் ஏற்றுவது பற்றிப் பேசலாம்.

மாற்று மின்சாரமெல்லாம் ஊராட்சியின் வேலையே இல்லை என்கிறார் எங்கள் செயலர்.

அரசமைப்பின் 11ஆவது அட்டவணையில் உள்ள 29 பொருள்களில் மரபுசாரா எரிசக்தி ஒன்று. விறகும் தீவனமும் ஒன்று. சமூகக் காடு வளர்ப்பும் உண்டு. அச்செடுத்துக் கொடுங்கள்.

கிராம சபையில் மூன்று முறை பேசிவிட்டோம். ஒன்றும் நடக்கவில்லை.

பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றினீர்களா? இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்: தீர்மானம் எழுதி, வாசித்துக் காட்டி, அதன் கீழே கையெழுத்து விழும்வரை வீட்டுக்குப் போகாதீர்கள். வெறும் தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு பிறகு எழுதும் பழக்கத்தை என் பணிக்காலத்தில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். இப்போது ஆண்டுக்கு ஆறு சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 பழையவை. மார்ச் 22, நவம்பர் 1 பிறகு சேர்ந்தவை. அக்டோபர் 2இல் பேசுவது அடுத்த ஆண்டு வளர்ச்சித் திட்டத்துக்குள் போக வாய்ப்பு அதிகம்.

வீட்டு மாடியில் சோலார் போட மானியம் எவ்வளவு?

2024இல் வந்த ஒன்றிய அரசுத் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய். 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் மொத்தம் 78,000.

பசுமைத் திட்டத்தின் முதல் வேலையாகக் கண்மாயில் வேலிக்கருவையை (சீமைக் கருவேலத்தை) ஒழிக்கப் போகிறோம். காமராசர் காலத்தில் தூவிய விதை, காற்றின் ஈரத்தையே உறிஞ்சுகிறதாமே?

1877லேயே கடப்பைப் பக்கம் விதைத்தாகிவிட்டது. அவர் தலையில் போடாதீர்கள். காற்று ஈரக் கதையையும் விடுங்கள். வேர் ஆழமாகப் போய் நிலத்தடி நீரை எடுக்கிறது, கண்மாயின் கொள்ளளவை அடைக்கிறது, மற்ற செடிகளை எழவிடுவதில்லை. எடுப்பதற்கு இந்தக் காரணங்களே போதும். வெட்டினால் மறுபடி துளிர்க்கும், தூரோடு தோண்ட வேண்டும். ஆடு மாடு நெற்றைத் தின்று சாணத்தோடு விதைத்துக்கொண்டே போகும். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுக்குக் கன்று பிடுங்கக் கூலி ஒதுக்காத திட்டம் வீண்.

(முதுகுளத்தூர் பக்கமிருந்து) ஐயா, ஒழி ஒழி என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். எங்கள் தெருவே இந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் சாப்பிடுகிறது. மழை இல்லாத வருசத்தில் சோறு போட்டது இந்த மரம்தான்.

உங்கள் கோபம் நியாயம். என் பதிலில் உங்கள் தெரு இல்லை, அது என் பிழை. வானம் பார்த்த பூமியில் விளைச்சல் பொய்த்தால் கரிதான் கைகொடுக்கும்.

(முந்தைய கேள்விக்காரர்) அதற்காகக் கண்மாயை விட்டுவிடுவதா? தண்ணீர் நின்றால் எல்லோருக்கும் வேலை இருக்கும்.

(முதுகுளத்தூர்) எல்லோருக்கும் என்றால் நிலம் உள்ளவர்களுக்கு. எங்களுக்கு ஏது நிலம்?

இந்தக் கேள்வியைத் தாண்டி நான் போக மாட்டேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்மாய்க்குள் இருப்பதும் தரிசுப் பட்டாவில் இருப்பதும் வேறு வேறு. கண்மாய் உள்வாயில் இருப்பதை எடுத்தே ஆக வேண்டும். தரிசில் சுழற்சியாக வெட்டிக் கரி போடுவதை நிறுத்த அவசரமில்லை. சண்டை, எடுக்கும் மரம் யாருக்குப் போகிறது என்பதில்தான். வெளியூர் ஒப்பந்தக்காரர் பொக்லைனோடு வந்து மொத்தமாக அள்ளினால், மூட்டக்காரருக்குக் கூலி வேலைகூட மிஞ்சாது. ஏலத்தைச் சிறு சிறு பகுதியாகப் பிரித்து உள்ளூர் மகளிர் குழுக்களுக்கு முன்னுரிமை கேளுங்கள். தூரைத் தோண்டும் வேலையையும் அவர்களுக்கே விடச் சொல்லுங்கள், தூர்க்கரிக்கு நல்ல விலை உண்டு. பிறகு கன்று பிடுங்கும் கூலி, கரையில் பனையும் நாட்டுக் கருவேலமும் வைத்துக் காக்கும் கூலி, இரண்டும் அதே தெருவுக்குப் போக வேண்டும். இப்படி எழுதாத திட்டத்துக்குப் பசுமை என்று பெயர் வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

சோலார் மானியம் பற்றிச் சொல்லுங்களேன்.

மேலே இருக்கிறது.

குப்பை பிரிக்கும் கொட்டகை கட்டினார்கள், பூட்டியே கிடக்கிறது.

கட்டடத்துக்குப் பணம் இருந்திருக்கிறது, ஆளுக்கு இல்லை. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் கொடுத்த மானியத்தில் 60 விழுக்காடு தூய்மைக்கும் குடிநீருக்கும் என்றே கட்டிப்போட்டது. அதில் எவ்வளவு சிமெண்டுக்குப் போனது என்று சபையில் கணக்குக் கேளுங்கள். தூய்மைக் காவலர் கூலி நிலுவையில் இருந்தால் முதலில் அதைத் தீர்க்கச் சொல்லுங்கள்.

ஒரு நிறுவனம் ஊர்ப் பொது நிலத்தில் மரம் நட்டு, கார்பன் வரவு (மரம் உள்வாங்கும் கரியமில வாயுவுக்கான சான்று) விற்று, பங்கு தருவதாகச் சொல்கிறது. முப்பது ஆண்டு ஒப்பந்தம்.

கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்தம் தமிழில் வரட்டும், சபையில் முழுதாக வாசிக்கட்டும். முப்பது ஆண்டுக்கு ஆடு எங்கே மேயும் என்று மேய்ப்பவர்களைக் கேட்டு, அந்தப் பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள்.

3 கிலோவாட் சோலாருக்கு எவ்வளவு மானியம் சார்?

மூன்றாவது முறை. தயவுசெய்து மேலே வாசியுங்கள். நேரமிருந்தால் ஊராட்சி மோட்டாரின் கட்டணத்தையும் ஒருமுறை போய்ப் பாருங்கள், அதைப் பற்றி இங்கே ஒருவரும் கேட்கவில்லை.

(முதுகுளத்தூர்) ஐயா, எங்கள் கண்மாய்க்கு ஏல நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். கிராம சபைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

கண்மாய் யாருடையது என்று இன்றே கேளுங்கள். ஆயக்கட்டு, அதாவது அதன் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம், பிடிஓவை (வட்டார வளர்ச்சி அலுவலரை) பாருங்கள். மேலே என்றால் நீர்வளத் துறை. நோட்டீசைப் படம் எடுத்து வையுங்கள். மூட்டம் போடும் வீடுகள் எத்தனை, ஆள் எத்தனை என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். மாவட்ட ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர். திங்கள்கிழமை மனு நாளில் அதைக் கொடுத்து, ஏலத்தைத் தள்ளிவைத்துச் சிறப்பு கிராம சபை கூட்டச் சொல்லிக் கேளுங்கள். மனு எண் வாங்காமல் வெளியே வராதீர்கள். ஞாயிறு மாலைக்குள் எனக்கு அந்தத் தாளை அனுப்புங்கள், நானே திருத்தித் தருகிறேன்.