பிளாங்க் கேசட்டும் பாட்டியின் குரலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வீட்டில் பதினொரு விஎச்எஸ் வீடியோ கேசட்டுகள் இருக்கின்றன. 1988 முதல் 1996 வரை எடுத்தவை. அக்கா கல்யாணம், ஊர்க் கோயில் கும்பாபிஷேகம், டிவியில் பதிந்த கிரிக்கெட் மேட்ச், டொராண்டோவிலிருந்து மாமா அனுப்பியது ஒன்று, பாட்டி தாலாட்டு பாடும் ஒரு பத்து நிமிடம். பாட்டியின் குரல் வேறெங்கும் இல்லை. எல்லாவற்றையும் புது பிளாங்க் கேசட்டில் காப்பி போட்டு வைக்க நினைக்கிறேன். ஹார்ட் டிஸ்க் ஒரே நாளில் போய்விடுகிறது, கேசட் முப்பது வருஷமாக இருக்கிறதே! பழைய கடையொன்றில் சீல் பிரிக்காத ஈ-180 (மூன்று மணி நேரம்), ஈ-240 (நான்கு மணி நேரம்) இரண்டும் கிடைக்கின்றன. எந்த பிராண்ட் நல்லது? ஈ-240இல் எல்பி என்ற பாதி ஸ்பீடில் போட்டால் ஒன்றில் எட்டு மணி நேரம் அடங்குமாம், மூன்றே கேசட்டில் வேலை முடிந்துவிடும். காப்பி ஆனதும் பழையதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்கிறார் மனைவி. எஸ்-விஎச்எஸ் கேசட் வாங்கலாமா? டேப்பை ஓவனில் வைத்துச் சூடாக்க வேண்டும் என்கிறார்களே, அது தேவையா? கல்யாண கேசட்டின் ஜன்னல் வழியே பார்த்தால் வெள்ளை வெள்ளையாக ஏதோ தெரிகிறது.

க., பாளையங்கோட்டை

அன்புள்ள க.,

பிராண்ட் கேள்வியை முதலிலேயே முடித்துவிடுகிறேன். டிடிகே, மேக்ஸெல், ஃபுஜி, சோனி, ஜேவிசி, பிஏஎஸ்எஃப், எது அசலாகக் கிடைத்தாலும் ஈ-180 வாங்குங்கள். ஈ-240ஐத் தொடாதீர்கள். உறைமேல் இருக்கும் ஹைகிரேடு, எக்ஸ்ட்ரா ஹைகிரேடு, சூப்பர் போன்ற பட்டங்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி அவை மாறும். ஒருவருடைய ஹைகிரேடு இன்னொருவருடைய சாதாரண டேப்பாக இருக்கும்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது பாட்டியின் குரல் வேறெங்கும் இல்லை என்ற அந்த வரிக்காகத்தான். பழைய கேசட் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் படத்தைப் பற்றியே கேட்கிறார்கள். நிறம் போய்விட்டது, கோடு விழுகிறது, முகம் தெரியவில்லை. சத்தத்தைக் கேட்பவர் அபூர்வம். கொஞ்ச நாளாகவே எனக்கு இது உறுத்திக்கொண்டிருக்கிறது.

விஎச்எஸ் டேப்பின் அகலம் 12.7 மில்லிமீட்டர். நடுவில் சுமார் பத்து மில்லிமீட்டரில் படம் சாய்கோடுகளாகப் பதிந்திருக்கிறது. கீழ் ஓரத்தில் முக்கால் மில்லிமீட்டரில் கன்ட்ரோல் டிராக். டேப்பை எந்த வேகத்தில் இழுக்க வேண்டும், படக்கோடு எங்கே தொடங்குகிறது என்று கேசட்டை ஓட்டும் டெக்குக்குச் சொல்வது அதுதான். மேல் ஓரத்தில் சத்தம். மோனோ என்றால் ஒரு மில்லிமீட்டர், அவ்வளவுதான். சத்தத்தைப் படத்தோடு சேர்த்துப் பதியும் ஹைஃபை வசதி இல்லாத கேமராவிலும் டெக்கிலும் பதிந்தது எதுவானாலும் குரல் அந்த ஒரு மில்லிமீட்டரில்தான் இருக்கும். உங்கள் பாட்டியும் அங்கேதான் இருக்கிறார்.

படத்துக்கு ஒரு சௌகரியம் உண்டு. டேப்பைப் படிக்கும் ஹெட் பொருத்திய டிரம் நிமிடத்துக்கு 1500 முறை சுற்றுகிறது. டேப் மெதுவாகப் போனாலும் ஹெட் அதன்மேல் பறக்கிறது. சத்தத்தின் ஹெட் அசையாமல் நிற்பது. நம்மூர் வீடியோவின் பால் (PAL) முறையில், எஸ்பி என்ற சாதாரண ஸ்பீடில் டேப் நொடிக்கு 23.39 மில்லிமீட்டர்தான் நகர்கிறது. பாட்டு கேசட் நொடிக்கு 47.6 மில்லிமீட்டர் ஓடும். பழைய டூ-இன்-ஒன்னில் பதிந்திருந்தால்கூட உங்கள் பாட்டியின் குரலுக்கு இரண்டு மடங்கு இடம் கிடைத்திருக்கும். இருப்பதே அவ்வளவுதான். நீங்கள் அதை எல்பியில் போட்டு நொடிக்கு 11.7 மில்லிமீட்டராக்கப் பார்க்கிறீர்கள்!

கேசட் மிச்சம் பிடிக்கும் நேரமா இது? எல்பியில் போட்டால் மெய்யெழுத்துகளின் கூர்மை போய்விடும், போர்வைக்குள்ளிருந்து பேசுவதாகக் கேட்கும், நீட்டிப் பாடும் இடத்தில் சுருதி ஆடும். படக்கோட்டின் அகலமும் 49 மைக்ரானிலிருந்து பாதியாகிவிடும். அவ்வளவு ஒல்லியான கோட்டை வேறொரு டெக் சரியாகப் பிடிக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. எல்பியில் பதிந்தது பதிந்த டெக்கில் மட்டும் ஒழுங்காக ஓடும், பக்கத்து வீட்டு டெக்கில் ஆடும். அந்த ஒரு டெக் செத்துப்போனால் என்ன செய்வீர்கள்?

ஈ-240 வேண்டாம் என்பதற்கும் காரணம் ஓரம்தான். ஈ-180 டேப்பின் தடிமன் சுமார் 19, 20 மைக்ரான். அதே கூட்டுக்குள் இன்னொரு மணி நேரத்தை அடைப்பதற்காக ஈ-240ஐ மெலிதாக்கிவிட்டார்கள். மெலிந்த டேப் வழிகாட்டி உருளைகளில் உரசும்போது வேட்டிக் கரை மடிவதுபோல் ஓரம் மடிகிறது. மேல் ஓரம் மடிந்தால் சத்தம் விட்டு விட்டு வரும். கீழ் ஓரம் மடிந்தால் கன்ட்ரோல் டிராக் கெட்டுப் படம் தாறுமாறாகும். ஒரு தடவை மடிந்த ஓரத்தை எந்த மெக்கானிக்காலும் நீவி எடுக்க முடியாது. கடையில் டி-120 என்று போட்டது கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். அது அமெரிக்க, கனடா வேகத்துக்கான கணக்கு. நம் டெக்கில் இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும், தடிமனும் ஈ-180 அளவே. டி-160 மெலிது, அதுவும் வேண்டாம்.

இன்று கிடைக்கும் எந்த பிளாங்க் கேசட்டும் பழைய சரக்குதான். சீல் பிரிக்காதது என்றால் இருபது வருஷம் ஏதோ ஒரு குடோனில் வெந்தது என்று பொருள். அதனால் முதலில் ஒன்று மட்டும் வாங்கிச் சோதியுங்கள். ஜன்னல் வழியே டேப் சுற்று கண்ணாடிபோல் சமமாக இருக்க வேண்டும். நடுவிலிருந்து ஆரக்கால்போல் கோடுகள் ஓடினாலோ, சில சுற்றுகள் மட்டும் மேலே பிதுங்கி நின்றாலோ எடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஒருமுறை கடைசிவரை ஓடவிட்டு ரீவைண்ட் செய்யுங்கள். வருஷக்கணக்கில் இறுகிக் கிடந்த சுற்று இளகும். பிறகு டிவிடி பிளேயரிலிருந்து வெறும் கருப்புத் திரையை ஆரம்பத்தில் பத்து நிமிடம், நடுவில் பத்து, கடைசியில் பத்து என்று எஸ்பியில் பதியுங்கள். விளக்கை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். கருப்பில் வெள்ளைக் கீற்று மின்னினால் அந்த இடத்தில் காந்தப் பூச்சு உதிர்ந்திருக்கிறது அல்லது தூசி ஒட்டியிருக்கிறது. நிமிடத்துக்கு ஒன்றிரண்டு என்றால் விட்டுவிடலாம். பத்துப் பதினைந்து மின்னினால் அந்தக் கடையையே மறந்துவிடுங்கள். நல்ல கேசட்டிலும் முதல் இரண்டு நிமிடத்தைக் காலியாக விட்டுப் பதியுங்கள், அதிகம் அடிபடும் இடம் அது. பதிந்து முடிந்ததும், தவறிப்போய் மேலே வேறெதையும் பதியாமலிருக்க, முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் காதை உடைத்துவிடுங்கள்.

இத்தனையும் சொன்னாலும், பிளாங்க் கேசட்டுக்காக நீங்கள் படும் கவலையில் பாதியையாவது ஒரிஜினலை ஓட்டப்போகும் டெக்குக்குக் கொடுங்கள். அங்கே இழந்த எதையும் எவ்வளவு உயர்ந்த பிளாங்கும் திருப்பித் தராது. உங்கள் கடிதத்தில் டெக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உலகத்தில் கடைசியாக விசிஆர், அதாவது இந்த டெக், செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் காந்த டேப்புகளை 2025க்குள் டிஜிட்டலுக்கு மாற்றி முடிக்க வேண்டும் என்று 2015இலேயே எச்சரித்ததற்கு டேப் மட்டும் காரணமில்லை. ஓட்டும் மெஷினும் பழுது பார்க்கத் தெரிந்த ஆளும் தீர்ந்துபோவார்கள் என்பதுதான் அதன் பயம்.

அந்தக் கேசட்டுகளைப் பதிந்த டெக்கோ கேமராவோ இன்னும் உயிரோடு இருந்தால் அதில் ஓட்டுவதே உத்தமம், இரண்டின் அளவும் ஒத்துப்போகும். இல்லையென்றால் நல்ல நிலையில் ஒன்று தேடுங்கள். வாங்கியதும் பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி ஹெட்டைத் துடையுங்கள். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த ஷாமாய் என்னும் மென்தோல், அது இல்லாவிட்டால் வெறும் வெள்ளைத்தாள் துண்டு. அதை டிரம்மின் பக்கத்தில் மெல்ல ஒற்றிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் டிரம்மை மேலிருந்து சுற்ற வேண்டும். துடைக்கும் கை அசையக் கூடாது. மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட்டின் முனை ஒடிந்துவிடும், டெக் அன்றோடு முடிந்தது. காது குடையும் பஞ்சுக் குச்சி வேண்டவே வேண்டாம், இழை சிக்கி முனையைப் பிடுங்கும். டேப்பை இழுக்கும் ரப்பர் உருளை பளபளவென்று இறுகியிருந்தால் மாற்ற வேண்டும், டேப்பை மேலோ கீழோ தள்ளி ஓரத்தை மடக்குவது பெரும்பாலும் அதுதான்.

பிறகு சத்தத்தின் ஹெட். அது நேராக நிற்காவிட்டால் கூர்மையான ஒலிகள் கேட்காது. டேப் கெட்டுவிட்டது என்று நினைத்து விட்டுவிடுவோம். அதன் பக்கத்தில் சாய்வைத் திருத்தும் சின்ன ஸ்குரூ இருக்கும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து, இப்போது நிற்கும் இடத்தை முதலில் மார்க் செய்யச் சொல்லுங்கள். பாட்டி கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை இம்மி இம்மியாகத் திருப்பி, குரல் எங்கே மிகத் தெளிவாக இருக்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும். கேசட்டுக்குக் கேசட் இது மாறும். இதைச் செய்யாமல் போட்ட காப்பி எத்தனை இருந்தாலும் எனக்குக் காப்பி இல்லை. கிரிக்கெட் மேட்ச்சை வைத்து டெக்கைச் சோதித்த பிறகே மற்றவற்றைப் போடுங்கள்.

கல்யாண கேசட்டில் தெரியும் வெள்ளை பூஞ்சை. அதை டெக்குக்குள் விட்டுவிடாதீர்கள். ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்துப் போடும் ஒவ்வொரு கேசட்டுக்கும் அது தொற்றும். ஜிப் கவரில் சிலிகா ஜெல்லோடு சில வாரம் வைத்துக் காயவிடுங்கள். பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு, கூட்டின் ஐந்து ஸ்குரூவைக் கழற்றி, வீட்டுக்கு வெளியே வைத்து மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும். தைரியமில்லை என்றால் இதற்கென்று தனி டெக் வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.

ஹார்ட் டிஸ்க் ஒரே நாளில் போகும் என்கிறீர்கள். போகும். அதற்காகத்தான் மூன்றாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், அதில் ஒன்று வேறு ஊரில். கேசட்டிலிருந்து கேசட்டுக்குக் காப்பி போட்டால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகும்: நிறம் பக்கத்தில் வழியும், இரைச்சல் ஏறும். உங்கள் கல்யாண கேசட்டே வீடியோகாரர் டைட்டில் சேர்த்து மிக்சிங் செய்து கொடுத்த இரண்டாவது, மூன்றாவது காப்பியாக இருக்கும். டிஜிட்டல் ஃபைலை நூறு முறை நகலெடுத்தாலும் நூறாவதும் அதேதான். கணினியில் 720×576 அளவு, நொடிக்கு 25 பிரேம், ஒற்றை இரட்டைக் கோடுகளாகப் பிரிந்து வரும் இன்டர்லேசை அப்படியே விட்டு, தரம் குறைக்காத எஃப்எஃப்வி1 (FFV1) அல்லது ஹஃப்ஒய்யூவி (HuffYUV) வடிவில், சத்தம் சுருக்காத 48 கிலோஹெர்ட்ஸ் பிசிஎம்மில் பிடியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு சுமார் 30, 40 ஜிபி ஆகும். டெக்கிலிருந்து கணினிக்குப் படம் பிடிக்கும் மலிவான யூஎஸ்பி குச்சியை நேராகச் செருகினால் படம் ஆடும் இடத்தில் பிரேம்களை விழுங்கிவிடும், கடைசியில் வாய் ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம் என்று ஆகும். நடுவில் பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10 அல்லது இஎஸ்15 டிவிடி ரெக்கார்டர் ஒன்றை வைத்து அதன் வழியாக அனுப்பினால் படம் பெருமளவு நிலைப்படும். ஈ-180இலும் ஒரு காப்பி இருக்கட்டும், நான் தடுக்கவில்லை. மாற்றாக அல்ல, கூடுதலாக.

ஒரிஜினலைத் தூக்கிப் போடுவது பற்றி. வீட்டில் இடம் இல்லை என்பது எனக்குப் புரிகிறது. பதினொரு கேசட் ஒரு செருப்புப் பெட்டியைவிடச் சற்றுப் பெரிய இடம் கேட்கும். இன்றைய டெக் எடுத்துத் தராததை நாளை வேறொரு டெக் தரலாம். ஹெட்டிலிருந்து வரும் சிக்னலையே நேரடியாகப் பிடித்துக் கணினியில் படமாக்கும் முறைகூட வந்துவிட்டது. ஒரு பக்கமாக முழுக்கச் சுற்றி, நிமிர்த்தி, புத்தகம்போல் அடுக்கி, சிலிகா ஜெல் போட்டு உள்ளறையில் வையுங்கள். மொட்டைமாடி அறை வேண்டாம், ஸ்பீக்கர் பக்கமும் வேண்டாம். மனைவியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஓவன் வேண்டாம். பிசின் கசியும் டேப்புகளுக்கு ஐம்பது டிகிரி சொச்சத்தில் மணிக்கணக்கில் செய்யும் வைத்தியம் அது. விஎச்எஸ்ஸுக்கு அபூர்வமாகவே தேவைப்படும், சமையலறை ஓவனில் செய்தால் கூடே உருகும். எஸ்-விஎச்எஸ் என்பது படம் இன்னும் துல்லியமாகப் பதியும் விஎச்எஸ் வகை; அந்தக் கேசட் எஸ்-விஎச்எஸ் டெக் வைத்திருப்பவருக்கு. மாமாவின் கேசட் அமெரிக்க, கனடா வீடியோ முறையான என்டிஎஸ்சியில் இருக்கும். சாதாரண பால் டெக்கில் ஓடாது. மல்டி சிஸ்டம் டெக் ஓட்டும், ஆனால் அவற்றில் பல, டிவிக்கு ஏற்றபடி பாதி பால் பாதி என்டிஎஸ்சியாக ஒரு கலவை சிக்னலை வெளியே தரும். டிவியில் நிறத்தோடு தெரியும், கணினியில் கருப்பு வெள்ளையாக வரும் அல்லது வரவே வராது. கலவையில்லாத சிக்னலுக்கு என்டிஎஸ்சி 3.58 என்று தேர்ந்தெடுக்க ஸ்விட்ச் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்; பிடிக்கும்போது அளவை 720×480, 29.97 பிரேம் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.