காரின் எஞ்சின் இழுவை குறைந்து ஒயில் குடிக்கிறது: திருத்துவதா, மாற்றுவதா?

புகையைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதேங்கோ. முதலில் கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகிற அழுத்தம், பார்க்க வேணும். சூடான பெற்றோல் எஞ்சினில் பெற்றோலையும் பிளக்குக்குப் போற கரண்டையும் துண்டித்து, பிளக் எல்லாம் கழற்றி, அந்த ஓட்டையில் கேஜைப் பூட்டி, அக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட்டரால் சுழற்றி அளவுங்கோ. சிலிண்டர்களுக்கிடையே 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால், குறைந்ததற்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளவுங்கோ. ஏறினால் பிஸ்டன் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்வு. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வ் அல்லது ஹெட் கஸ்கட் (எஞ்சின் மேல்மூடியான ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் இடையிலுள்ள தகடு). அது மேல்வேலை, திருத்தலாம்.

வன்னியில் ஹெட் வளையிறதுக்கு ஒரு காரணம் ரேடியேட்டருக்குள் ஊத்துற கிணற்றுத் தண்ணிதான். அதிலுள்ள சுண்ணாம்பு உள்ளே படிந்து குழாயை அடைக்க, எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடேறி ஹெட் வளையும். வளைந்த ஹெட்டைப் பட்டறை மெஷினில் சமப்படுத்தாமல் கஸ்கட்டை மட்டும் மாற்றினால் திரும்பவும் ஊதும்.

பிளொக் வெடித்திருந்தால் மாற்றுங்கோ. கீழே தட்டுச் சத்தமும் ஒயில் பிரஷர் குறைவும் சேர்ந்தால் கிராங் (பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டு) கடைய வேண்டிவரலாம். போர், பிஸ்டன், பெயரிங் எல்லாம் கூட்டிய செலவு ரீகண்டிஷன் (பாவித்த) எஞ்சின் விலையை நெருங்கினால் மாற்றுவதே மேல். வாங்கமுதல் அதற்கும் கொம்பிரஷன் பாருங்கோ. பூட்டமுதல் டைமிங் பெல்ட், வோட்டர் பம்ப், ஒயில் சீல் புதிதாகப் போடுங்கோ. பிறகென்றால் கூலி இரட்டிப்பு. பில்லைக் கவனமாக வைத்து, மாற்றிய எஞ்சினின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியுங்கோ.