பிள்ளைகள் சேர்க்கும் பணம்

அன்புள்ள ஐயா,

தண்டையார்பேட்டையில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். வயநாடு நிலச்சரிவில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பணம் சேர்க்கலாமா என்று என் மாணவர்களே வந்து கேட்டார்கள். சில பெற்றோர், "நம்ம வீட்ல தண்ணி பூந்தா ஏன்னு கேக்க நாதியில்ல, இதுல ஊருக்குக் குடுக்கணுமா?" என்கிறார்கள். எனக்கும் தயக்கமாக இருக்கிறது.

ஒரு ஆசிரியை

அன்புள்ள டீச்சருக்கு,

தாராளமாகச் சேர்க்கட்டும். பெற்றோரின் கோபம் நியாயமானதுதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எர்ணாவூர், எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வீட்டுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகும் சுவரில் கறுப்புக் கோடு போகவில்லை. மொட்டைமாடியில் காயப்போட்ட நோட்டுகளில் பக்கம் பிரியவில்லை; பிரிந்த பக்கத்தில் எழுத்து இல்லை. அரையாண்டுத் தேர்வையே தள்ளிவைத்தார்கள். அதையெல்லாம் பார்த்த பிள்ளைகள்தான் இப்போது கேட்கிறார்கள். 2024 ஜூலை 30 நிலச்சரிவில் வெள்ளார்மலை அரசுப் பள்ளி சிதைந்து, அங்கே படித்தவர்கள் மேப்பாடிக்கு மாற வேண்டியதாயிற்று. அது என்னவென்று உங்கள் வகுப்புக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் எனக்குக் கவலை. காசிமேட்டில் கடலுக்குப் போகிறவர் வீட்டில் ஒரு வாரம் காசு இருக்கும், மறுவாரம் இருக்காது. அதனால் பெயர்ப் பட்டியல் வேண்டாம், யார் எவ்வளவு தந்தார்கள் என்று வாசிக்கவும் வேண்டாம். மூடிய டப்பா ஒன்று எல்லார் கைக்கும் போகட்டும்; போட்டானா இல்லையா என்று யாரும் பார்க்கக் கூடாது. உண்டியலோடு சிக்னலில் நிற்க வைக்கவே வேண்டாம்.

பழந்துணியும் வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் ஊர் ஊராக வந்து இறங்கிய துணிகள் சாலையோரம் குவியல் குவியலாகக் கிடந்து மக்கின. பணமாகவே கேரள முதலமைச்சர் நிவாரண நிதிக்கு அனுப்புங்கள். டப்பாவைப் பிள்ளைகள் முன்னால் திறந்து, அவர்களையே எண்ண வையுங்கள். மொத்தத் தொகையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, ரசீது வந்ததும் வகுப்பில் ஒட்டிவிடுங்கள்.

அப்புறம், அந்தப் பெற்றோரின் கேள்வியை அப்படியே விட்டுவிடாதீர்கள். அக்டோபரில் பருவமழை வந்துவிடும். கொடுங்கையூர் கால்வாயையும் உங்கள் பள்ளித் தெருவின் மழைநீர் வடிகாலையும் அதற்குள் தூர்வாரச் சொல்லி மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதச் சொல்லுங்கள். பெற்றோர் எல்லாரும் கையெழுத்துப் போடட்டும். தேதியைச் சொல்லுங்கள், கொடுக்கும்போது நானும் கூட வருகிறேன்.